முட்டை ஏற்றிப் பார்த்த இரண்டு வண்டிகள்

உள்நாட்டு வண்டி வாங்குவதா, வெளிநாட்டு வண்டி வாங்குவதா என்று என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேச ஆரம்பித்தபோது எங்கள் பழைய பிக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது. இன்ஜினில் ஏதோ தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். என் காதும்தான் தேய்ந்துவிட்டது, அதை யாரிடம் காட்டுவது?

எங்களுக்கு முட்டை மொத்த வியாபாரம். பண்ணைகளிலிருந்து வருவதைத் தரம் பிரித்து, கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஒரு பெரிய பேக்கரிக்கும் கொடுக்கிறோம். வீட்டை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஷெட். அதன் மூலையில் ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று. அங்கே ஒரு பெட்டிக்குள் பல்பு எரியும். பெட்டியில் உள்ள ஓட்டையில் முட்டையை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். மயிரிழைக் கீறல், ரத்தப் பொட்டு, பழசு, கூமுட்டை எதுவும் தப்பாது. அந்த வேலை என்னுடையது. பார்த்து முடித்த ட்ரேயின் பக்கவாட்டில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். நீலக் கோடு இருந்தால் அது நான் பார்த்த ட்ரே என்று அர்த்தம்.

கீறல் விழுந்ததை விற்க முடியாது. அதற்கு மாமனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் உடைந்தது வீட்டு அடுப்புக்கு வரும். ஆகவே வண்டியின் ஆரோக்கியத்தை நான் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒடிந்திருந்த காலத்தில் மூன்று வேளையும் ஆம்லெட் சாப்பிட்டோம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு முட்டை ரொம்பப் பிடிக்கும்.

அண்ணனுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் சீமையார். பல் துலக்கும் பிரஷ் முதல் பாத வெடிப்புக்குப் போடும் களிம்பு வரை எல்லாம் கடல் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும் அவருக்கு. என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். நம் நாட்டில் செய்தது என்று அச்சடித்திருந்தால் கம்பி உடைந்த குடையைக்கூட விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு அவர்கள் பிடிவாதத்தைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

"தகட்டைத் தட்டிப் பாரு, சத்தமே வேற," என்பார் சீமையார். "அந்த இன்ஜினைத் திறக்காமலே பத்து வருஷம் ஓட்டலாம். அப்புறம் வித்தாலும் பாதி விலை கையில நிக்கும். உன் வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே பாதி விலை ஆயிடும்."

"திறக்காம ஓட்டலாம்ணே. திறக்க வேண்டி வந்தா? ஒரு பம்ப்பு போச்சுன்னா கப்பல்ல வரணும். அது வர்றதுக்குள்ள நம்ம முட்டையெல்லாம் குஞ்சு பொரிச்சிடும். நம்ம நாட்டு வண்டிக்கு முக்குக் கடையிலயே பார்ட்ஸ் தொங்குது."

"ஏன் தொங்குது? அடிக்கடி போகுது, அதான் தொங்குது."

"அதே விலைக்கு எனக்குப் புதுசு கிடைக்குது. உங்களுக்கு எவனோ ஓட்டிக் கழிச்சது கிடைக்குது."

"அவன் கழிச்சதே உன் புதுசைவிட நல்லா ஓடும்டா."

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரைத்த மாவையே அரைத்தால் எத்தனை நாளைக்குச் சிரிப்பது? அடுத்த தெருவில் வீடு இருந்தாலும் சீமையார் விடிந்ததும் இங்கே வந்துவிடுவார், காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பிக்கும். முட்டை இறக்கும்போது நடக்கும். சாப்பாட்டில் உப்பு கேட்கிற சாக்கில் மறுபடி தலைதூக்கும். தெருவில் பிக்கப் வைத்திருக்கிற ஒரு மனிதரையும் இவர்கள் நிம்மதியாகப் போக விடவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவரை நிறுத்திக் கேட்டார்கள். உள்நாட்டு வண்டிதான், நாலு வருஷமாகக் கிளட்ச்சைத் தவிர எதையும் மாற்றவில்லை என்றார் அவர். "பாத்தீங்களா," என்றார் என் வீட்டுக்காரர். "கிளட்ச் போயிருக்கு பாரு," என்றார் சீமையார். பளிங்குக் கடைக்காரரிடம் இருந்தது வெளிநாட்டு வண்டி. கல் ஏற்றி ஏற்றியும் வண்டி அசையவில்லை, ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தபோது மாற்றுக் கண்ணாடி வருகிற வரைக்கும் கழுத்தை வெளியே நீட்டியேதான் ஓட்டினேன் என்றார் அவர். அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டுல எதையாவது ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எதையாவது வாங்க இது என்ன கத்தரிக்காயா?" என்றார் சீமையார். என் வீட்டுக்காரர் அதற்குத் தலையை ஆட்டினார்.

மாமனார் போனபிறகு கடை, வங்கிக் கணக்கு எல்லாம் மாமியாரின் பேரில் இருக்கிறது, நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டியைச் சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன். ஒருத்தன் சொல்லி ஒருத்தன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எனக்கு வேண்டாம்." அத்தையைப் பொறுத்தவரை அது நியாயம். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே வீட்டில் பிறந்திருக்கிறார்கள் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பேக்கரி ஆர்டர் நான் பிடித்தது. மற்ற வாடிக்கை எல்லாம் மாமனார் தேடி வைத்துவிட்டுப் போனவை. இது ஒன்றுதான் என் முகத்துக்காக வந்தது. பேக்கரிக்கார அம்மா ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, வேறு இடத்தில் வாங்கிய முட்டையில் ரத்தப் பொட்டு இருந்ததென்று குறைப்பட்டுக்கொண்டார். நான் அவரை இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய் பல்பில் காட்டினேன். அன்றிலிருந்து அவருக்குத் தினமும் என் நீலக் கோட்டு ட்ரேதான். வேறு யார் முட்டை என்றாலும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாவில் சேர்ப்பார்களாம். என்னுடையதை நேராக இயந்திரத்தில் உடைத்து ஊற்றுவார்களாம். இதை அவர் என்னிடம் சொன்ன அன்று நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டிப் பேச்சில் கரைந்து போயிருக்கும்.

பழைய வண்டி நின்றபிறகு வாடகை மூன்று சக்கர வண்டியில் முட்டை அனுப்பினோம். ஒருநாள் வரும், ஒருநாள் வராது. பேக்கரிக்கார அம்மா போன் செய்தார். "ஏம்மா, மாசம் பொறக்கறதுக்குள்ள ஒழுங்கா ஓடற வண்டி ஒண்ணு வந்தா சரி. குளிர்வண்டி வச்சிருக்கிற கம்பெனிக்காரன் ரெண்டு தடவை வந்து பேசிட்டுப் போயிட்டான். நான் உனக்காகத்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அதை அப்படியே சகோதரர்கள் இருவரிடமும் சொன்னேன். அவர்கள் முகம் கவலையில் சுருங்கியது. நான் கொஞ்சம் நம்பினேன்.

"அப்ப ஒரு போட்டி வச்சிடுவோம்," என்றார் சீமையார்.

பேச்சால் தீராததை முட்டையால் தீர்ப்பதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் இரவல் வாங்குவது, இரண்டிலும் சமமாக ட்ரே ஏற்றுவது, கல்குவாரிப் பாதையில் போய், ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பி வருவது. எந்த வண்டியில் முட்டை அதிகமாக உடைகிறதோ அந்த வண்டி தோற்றது. அத்தைதான் நடுவர். ஒவ்வொரு ட்ரேயின் அடியிலும் விரலைத் தடவிப் பார்ப்பார். ஈரம் பட்டால் உடைசல். எல்லாம் நீலக் கோட்டு ட்ரேயாக இருக்க வேண்டும், முன்பே கீறல் இருந்தது என்று யாரும் பிறகு சப்பைக்கட்டு கட்டக்கூடாது. எதிராளி கை வைத்துவிடுவான் என்ற பயத்தில் சனிக்கிழமை காலையே ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சீமையார் அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். என் வீட்டுக்காரர் ட்ரே கழுவும் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

அன்று மத்தியானம் நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வது வழக்கம். பார்வை நன்றாக இருக்கிறது, பல்பை மட்டும் கொஞ்சம் மங்கலாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வீடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருந்தார். கொட்டகைத் தரையெல்லாம் தண்ணீர், வெந்நீர் பாய்லர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"ட்ரே கழுவினேன். நீயே எத்தனை நாளைக்குக் கழுவுவே?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு ட்ரேயைத் தண்ணீரில் காட்டியதில்லை. எனக்கு மனசு இளகிப்போயிற்று. அன்று அவருக்கு இரண்டாவது தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோரூமிலிருந்து உள்நாட்டு வண்டி வந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கூடவே கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவரும் வந்தார். ஓட்டிப் பார்க்கத்தானே கேட்டீங்க, முட்டை ஏத்துறதா சொல்லலியே என்று அவர் அழாத குறை. வெளிநாட்டு வண்டி பளிங்குக் கடைக்காரருடையது, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. சீமையார் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. புதிதாக வந்து இறங்கியிருந்த பண்ணை முட்டையை நான் பிரித்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நடுவருக்கு நாற்காலி போடு, சாட்சிக்கு நில்லு என்று என் பொழுதும் போயிற்று.

வண்டிகள் திரும்பி வந்தன. அத்தை ஒவ்வொரு ட்ரேயாகத் தூக்கச் சொல்லி அடியில் விரல் வைத்துத் தடவினார். என் வீட்டுக்காரருடைய ட்ரேக்களில் ஈரமே இல்லை. அப்புறம் சீமையாருடையது. அதிலும் இல்லை. குவாரிப் பாதையில் போய் வந்த வண்டியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இருப்பதென்றால், பஞ்சு மெத்தையில் வைத்துச் சுமந்து வந்தாலும் நடக்காத காரியம் அது. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். வண்டி விஷயத்தில் அவர்கள் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன், அந்த நிம்மதியில் மேற்கொண்டு யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"ரெண்டும் நல்ல வண்டிதான் போலிருக்கு," என்று அத்தை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். போட்டியும் முடிந்தது, முடிவு மட்டும் வரவில்லை.

இருவரும் இரவல் வண்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். மறுநாள் பேக்கரிக்கு அனுப்ப வேண்டிய அடுக்கைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. புது முட்டையைப் பல்பில் பார்த்து ட்ரே நிரப்ப வேண்டும். அன்றைக்கு எனக்கு முட்டை என்ற சொல்லே காதில் விழக்கூடாது என்றிருந்தது. போட்டி ட்ரேக்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் என் நீலக் கோடு. எல்லாம் உலர்ந்திருந்தன. எடுத்து அடுக்கில் வைத்து நிரப்பிவிட்டேன். விடியற்காலையில் மூன்று சக்கர வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

காலைச் சாப்பாட்டுக்கு முன் போன் வந்தது. பேக்கரிக்கார அம்மா.

"ஏம்மா, உங்க கோழி அவிச்சே முட்டை போடுதா?"

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"இங்க கிளம்பி வா. வந்து பாரு." போனை வைத்துவிட்டார்.

ஷெட்டுக்கு ஓடினேன். போட்டி ட்ரேக்களில் மிச்சம் இருந்ததிலிருந்து, என் வீட்டுக்காரர் பங்கில் ஒரு முட்டையை எடுத்து மேசையில் வைத்துச் சுற்றிவிட்டேன். பச்சை முட்டை தள்ளாடித் தள்ளாடி நின்றுவிடும். இது பம்பரமாகச் சுற்றியது. கொட்டகையில் கொதித்த பாய்லர் ஞாபகம் வந்தது. இரண்டாவது காப்பியும் ஞாபகம் வந்தது. சரி, இந்த மனுஷன் இப்படி, அவராவது என்று சீமையார் பங்கிலிருந்து ஒன்றை எடுத்துச் சுற்றினேன். அது இன்னும் அழகாகச் சுற்றியது.

இருவரையும் கூப்பிட்டு மேசை முன்னால் நிறுத்தினேன். இரண்டு முட்டையையும் ஒன்றாகச் சுற்றிவிட்டேன். அவிந்த முட்டை உடைந்தாலும் ஒழுகாது, அத்தை விரலில் ஈரம் படாது. இரண்டு மூளையும் தனித்தனியே உட்கார்ந்து கண்டுபிடித்த தந்திரம் இதுதான்.

"டேய், என்னை ஏமாத்தினியாடா?" என்றார் சீமையார்.

"நீங்க மட்டும் என்னவாம்? அண்ணிதானே அவிச்சுக் கொடுத்தாங்க?"

"உன் வண்டி குலுக்கற குலுக்கலுக்கு நீ கல்லா மாத்திதான் ஏத்தணும். அதுல ஆச்சரியம் இல்ல."

"அவ்வளவு நல்ல வண்டின்னா நீங்க எதுக்குண்ணே அவிச்சீங்க?"

"நீ அவிப்பேன்னு எனக்குத் தெரியும்டா. அதான்."

"அப்ப இந்தப் போட்டி செல்லாது," என்றார் என் வீட்டுக்காரர். "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி வைப்போம். பச்சை முட்டையா."

நான் மேசையை ஓங்கித் தட்டினேன். முட்டை இரண்டும் உருண்டு கீழே விழுந்தன. ஒழுகவில்லைதான். "அதுல பாதி பேக்கரிக்குப் போயாச்சு," என்றேன். "நீலக் கோட்டோட. அந்தம்மா இப்பதான் போன் பண்ணினாங்க."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. என் வீட்டுக்காரர், அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன் என்று முணுமுணுத்தார். சத்தம் கேட்டு அத்தை வந்தார். சீமையார் தாடையைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். பிறகு குரலை இறக்கினார்.

"இப்படிச் செய்யலாம்மா. வீட்டு விசேஷத்துக்கு அவிச்சு வச்சிருந்தோம், அது மாறிப்போச்சுன்னு நீயே போய்ச் சொல்லிடு. கண்ணு இப்பல்லாம் சரியாத் தெரியலன்னு சொல்லு. அன்னிக்குக்கூடக் கண் டாக்டர்கிட்ட போனேல்ல, பொருத்தமா இருக்கும்."

"ஆமா, அண்ணன் சொல்றது சரி," என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு வண்டியில் ஒத்துப்போக முடியாதவர்கள் என் கண்ணைக் குருடாக்குவதில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டுப் போயேன்மா," என்றார். "பொம்பளைக்குப் பொம்பளை, மன்னிச்சிடுவாங்க. இவனுங்க அவிச்சானுங்கன்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

கோபத்தில் அழுகை முட்டியது, அழுதால் அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். போகிறதுக்கு வண்டி கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, நெரிசலில் நின்றுகொண்டே போனேன்.

பேக்கரியின் பின்கட்டில் எப்போதும் வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். அன்றும் துளைத்தது. மாவு பிசைகிறவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பெரிய இயந்திரம் நின்றிருந்தது. அதன் தொட்டிக்குள் குழைந்த வெண்ணெயும் சர்க்கரையும், அதில் ஓடும் வெள்ளைக்கருத் துண்டுகளும். மாவு பிசைகிறவர் பார்க்காமலே ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் உடைத்துப் போடுகிறவர். கை நின்றபோது கணிசமாக உள்ளே போயிருந்தது. அந்த வேளைக்கான மாவு முழுக்க வீண்.

பேக்கரிக்கார அம்மா முழங்கை வரை மாவோடு வந்தார். சத்தம் போடவில்லை. நீலக் கோடு போட்ட ட்ரே ஒன்றைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இதை நீ பாத்தியா?"

வீட்டில் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. கண்ணு சரியில்லம்மா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்தாலும் வரும். ஆனால் அவர் என்னிடம் முட்டை வாங்குவதே அந்தக் கண்ணை நம்பித்தான். அதைக் கெட்டுப்போச்சு என்று நானே சொல்லிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு கோடு போடுவது?

"முதல்ல பாத்தேன்மா. அப்புறம் அது வண்டியில ஏறிப் போயிட்டு வந்துச்சு. ஏத்தி இறக்கினா மறுபடி பாக்கணும். பாக்கல."

"ஏன்?"

"சலிச்சுப் போச்சு," என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. பாய்லரிலிருந்து அத்தையின் விரல் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உள்நாட்டு வண்டிக்காரர் அவித்தார், வெளிநாட்டு வண்டிக்காரரும் அவித்தார் என்று நான் சொன்ன இடத்தில் மாவு பிசைகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்கும் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"எந்த வண்டியில வந்தா எனக்கென்னம்மா? நான் என்ன வண்டியையா மாவுல போடறேன்?" என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஆர்டர் இருக்கட்டும். கம்பெனிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். நாளையிலேர்ந்து விடியக்காலையில என் வண்டியே வந்து எடுத்துக்கும். உங்க வீட்டு ஆம்பளைங்க இந்த வாசலுக்கு வர வேண்டாம்."

எனக்கு உயிர் வந்தது. கும்பிடப் போனேன்.

"இன்னொண்ணு," என்றார். "இனிமே உன் ட்ரேயும் கிண்ணத்துல உடைச்சுப் பாத்துதான் போடுவோம். மத்தவங்களோடது மாதிரியே. மனசுல வச்சுக்காத."

சரிம்மா என்றேன். நியாயமான பேச்சு. ஆனால் ஆர்டரே போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருஷம் இருட்டறையில் உட்கார்ந்து சேர்த்துவைத்தது அந்த ஒன்றுதான், அதைக் கொண்டுபோய் இரண்டு கூமுட்டைகள் வெந்நீரில் போட்டுவிட்டார்கள். நானும் ஒரு மத்தியானச் சலிப்புக்காக அதை அடுக்கில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

வழி தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த அம்மா தன் வண்டியிலேயே என்னை ஏற்றி அனுப்பினார். டிரைவர் அதிகம் பேசாத நல்ல மனிதர். வழி முழுக்க, வீட்டில் போய் எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். ஆர்டர் இருக்கிறது என்று முதலில் சொல்லி அவர்கள் வயிற்றில் பால் வார்ப்பது. பிறகு கிண்ணத்தைப் பற்றிச் சொல்வது. அதைச் சொல்லும்போது மூவரில் ஒருவராவது தலையைக் குனிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாசலில் இறங்கினேன். வண்டி பின்னால் நகர்ந்து திரும்பித் தெருமுனையில் மறைந்தது. சத்தம் கேட்டு மூவரும் வெளியே வந்திருந்தார்கள்.

"யாரு வண்டிம்மா அது?" என்றார் சீமையார்.

"பேக்கரி வண்டி."

"என்ன வண்டி?"

"வெள்ளை வண்டி," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அந்த ரிவர்ஸ் கியர் சத்தத்தைக் கேட்டீங்களாண்ணே? சுத்தமா நம்ம நாட்டு வண்டி."

"போடா. கிளம்பினப்ப ஒரு குலுக்கல் இருந்துச்சா? வெண்ணெய் மாதிரி போச்சு. அது வெளிநாட்டு வண்டிதான்."

"பின்னாடி என்ன எழுதியிருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார் என் வீட்டுக்காரர். "டீசலா, பெட்ரோலா? அதாவது பாத்தியா?"

"உள்ளே உக்காந்துதானே வந்தே," என்றார் அத்தை. "பள்ளத்துல இறங்கறப்ப இடுப்பு வலிச்சுதா?"

செருப்பைக் கழற்றாமல் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சீமையார் தெருமுனை வரை நடந்து போய் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே போனார். அங்கே நின்றுகொண்டு, மண்ணில் பதிந்திருந்த டயர் தடத்தைக் குனிந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார். ஆர்டர் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளை விடியற்காலையில் அந்த வண்டி வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று நானும் சொல்லவில்லை.